மலையில்லா ஊரில் மலைச்சைக்கிள்: ஒரு மறுப்பு

தூத்துக்குடிக்காரர் ஒருவர் தம்முடைய மலைச்சைக்கிளின் ஹேண்டில்பாரையும் ஸ்டெம்மையும் மாற்ற வேண்டியிருக்கிறது, எதை வாங்கலாம் என்று நம் இலக்கிய வட்டத்தில் கேட்டால் அவருக்கு மூன்று பதில்கள் கிடைக்கும். ‘தூத்துக்குடியில் மலை ஏது?’ என்பது முதல் பதில். ‘இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு, இதில் நமக்கென்ன?’ என்பது இரண்டாவது. மூன்றாவது பதில் இளைஞர்களிடமிருந்து வரும்: ‘780 மில்லிமீட்டர் அகலம், 35 மில்லிமீட்டர் ஸ்டெம். கார்பன் கிடைத்தால் இன்னும் நல்லது.’ முதல் இருவர் பொருளைப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்கிறார்கள். மூன்றாமவர் பொருளைப் பார்க்கிறார், ஊரைப் பார்ப்பதில்லை. மூவரையும் மறுக்கவே இதை எழுதுகிறேன்.

சைக்கிளை ஓட்டியிருந்தும் அதன் உறுப்புகளைப் பெயர் சொல்லி அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கைகள் பற்றுகிற குறுக்குக் குழாய் ஹேண்டில்பார். அந்தக் குழாயை, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் கழுத்தோடு இணைக்கும் குட்டையான கை ஸ்டெம். நம் தாத்தாக்களின் கறுப்புச் சைக்கிளில் இவ்விரண்டும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட ஒரே உறுப்பு. மலைச்சைக்கிளில் இரண்டும் தனித்தனி. ஆகவே தேர்வு என்ற ஒன்று இருக்கிறது, தவறான தேர்வும் இருக்கிறது. சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது பெடல் கழன்றால் நின்றுவிடலாம். செயின் அறுந்தால் தள்ளிக்கொண்டு போகலாம். ஹேண்டில்பார் முறிந்தால் முகம்தான் முதலில் தரையைத் தொடும். அதுவும் பின்னால் கன்டெய்னர் லாரி வருகிற துறைமுகச் சாலையில்.

முதல் பதிலுக்கு வருவோம். மலைச்சைக்கிள் என்ற பெயரைக் கேட்டதும் அது எங்கோ பனிமலையில் ஓட்டுவதற்காக ஒரு பெரிய நிறுவனம் திட்டமிட்டுத் தயாரித்து நம் தலையில் கட்டிய சரக்கு என்று நினைப்பவர்கள் அதன் பிறப்பை அறிய வேண்டும். 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் சில இளைஞர்கள், 1930களிலும் 40களிலும் செய்யப்பட்டுக் கழித்துக்கட்டப்பட்ட தடித்த டயர் சைக்கிள்களைச் சொற்ப விலைக்குப் பொறுக்கி எடுத்தார்கள். ஷ்வின் நிறுவனத்தின் பழைய எக்செல்சியர் சட்டங்கள் அவர்களுக்கு மிகவும் உவப்பானவை. அவற்றை மலைச்சரிவில் மண்பாதை வழியே உருட்டிவிட்டுப் பந்தயம் நடத்தினார்கள். முதல் பந்தயம் 1976 அக்டோபர் 21 அன்று நடந்தது. ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கரத்து பிரேக்கிலிருந்த கிரீஸ் முழுதும் வெந்து புகைந்துவிடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனால் அந்தப் பந்தயத்துக்கே ‘ரீபேக்’ என்று பெயர்.

அவர்கள் எந்தக் கடையிலும் மலைச்சைக்கிளை வாங்கவில்லை. அப்படி ஒன்று அப்போது கிடையாது. மோட்டார் சைக்கிளின் பிரேக் லீவரைக் கழற்றி மாட்டினார்கள். கேரி ஃபிஷர் போன்றவர்கள் கியரைச் சேர்த்தார்கள். 1977இல் ஜோ பிரீஸ் இந்த வேலைக்கென்றே புதிதாகச் சட்டம் செய்தார். டாம் ரிட்சி ஹேண்டில்பாரையும் ஸ்டெம்மையும் முக்கோணமாகப் பற்றவைத்து ‘புல்மூஸ்’ என்ற ஒற்றை உறுப்பாக்கினார். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் வந்த பிறகுதான் இது பெருந்தொகையில் விற்பனைக்கு வரும் பண்டமாயிற்று. ‘இந்தப் பாதைக்கு இந்தக் கை எப்படிப் பிடிக்க வேண்டும்?’ என்ற கேள்வி கடைக்கு வருவதற்கு முன்பே பட்டறையில் கேட்கப்பட்டுவிட்டது.

பழைய இரும்புக் கடையைத் தமிழ்நாடு முழுதும் ‘காயலான் கடை’ என்கிறோம். அந்த வணிகத்தில் முன்னின்ற காயல்பட்டினத்துக்காரர்களால் வந்த பெயர் என்பார்கள். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில் இருக்கிற ஊர். மலைச்சைக்கிள் பிறந்தது ஒரு காயலான் கடையில்தான், அது மரின் வட்டாரத்தில் இருந்தது என்பது மட்டுமே வேறுபாடு. ஆக, அது நம் கடற்கரைக்கு அந்நியம் என்ற வாதத்தைக் காயலின் பெயரைக் கடைக்கு வைத்த மொழியில் சொல்வது அவ்வளவு பொருத்தமாக இல்லை.

மலை இல்லை என்பது உண்மை. ஆனால் மலைச்சைக்கிளுக்கு வேண்டியது மலை என்பதைவிட, கெட்டுப்போன பாதை. அதற்குத் தூத்துக்குடியில் குறைவே இல்லை. திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையே குதிரைமொழித் தேரியின் செம்மணல் கிடக்கிறது. சாதாரண டயர் அதில் நாலடி போகாது. முள்ளக்காட்டிலும் வேப்பலோடையிலும் ஆறுமுகநேரியிலும் உப்பளங்களுக்குள் போகிற வண்டிப்பாதை மழை பெய்தால் சேறு, காய்ந்தால் கரடு. துறைமுகத்தை ஒட்டிய சாலைகளில் கனரக வாகனங்கள் உழுது போட்ட பள்ளங்கள். இவற்றில் தடித்த டயரும் நேரான கைப்பிடியும் உள்ள வண்டி மற்றதைவிடத் தேவலை என்பதை ஓட்டிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

இரண்டாவது பதிலில் ஒரு நியாயம் ஒளிந்திருப்பதுபோலத் தோன்றும். லட்ச ரூபாய்ச் சைக்கிளும் பளபளக்கும் உடையுமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைச் சாலையில் போகிறவர்களைப் பார்த்து எழுகிற எரிச்சல் அது. ஆனால் அந்த எரிச்சல் கொண்டவர்கள் திரேஸ்புரத்திலோ முத்தையாபுரத்திலோ ஒரு வார நாளில் விடியற்காலை நின்று பார்க்கட்டும். 1949இல் சென்னையில் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ், லூதியானாவின் ஹீரோ ஆகிய பெயர்களில் வந்த ‘எம்.டி.பி.’, ‘ரேஞ்சர்’ வகை வண்டிகள் ஒரு காலத்தில் நடுத்தர வர்க்கத்துப் பையன்களின் கனவு. அந்தப் பையன்கள் மோட்டார் சைக்கிளுக்குப் போய்விட்டார்கள். வண்டிகள் கை மாறின. இன்று அவற்றில் உப்பளத்துக்குப் போகிற தொழிலாளி இருக்கிறார், இரவுக் காவலுக்குப் போகிற முதியவர் இருக்கிறார், மீன் கூடையைப் பின்னால் கட்டியவர் இருக்கிறார். தண்ணீர்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் கைப்பிடியின் இருபுறமும் பிளாஸ்டிக் குடங்கள் தொங்குகின்றன. கியர் எப்போதோ செத்துப்போயிருக்கும். பிரேக் ஒரு பக்கம்தான் பிடிக்கும். ஆனால் ஹேண்டில்பாரும் ஸ்டெம்மும் மட்டும் வேலை செய்தே ஆக வேண்டும். பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்குகிறவர்கள், பொழுதே போக்க முடியாதவர்களின் வண்டியைப் பார்க்கவில்லை.

மூன்றாமவரோடுதான் எனக்குப் பெரிய வழக்கு. அவரிடம் எண்கள் இருக்கின்றன. எண் இருக்கும் இடத்தில் அறிவும் இருப்பதாக நம்பிவிடுவது நம் காலத்தின் வியாதி. 1990களில் மலைச்சைக்கிளின் ஹேண்டில்பார் 560 முதல் 600 மில்லிமீட்டர் வரை அகலம் கொண்டிருந்தது. ஸ்டெம் 120 மில்லிமீட்டர், சிலவற்றில் அதற்கும் மேல். இன்று ஹேண்டில்பார் 760, 780, 800 என்று விரிந்து, ஸ்டெம் 35, 40, 50 என்று குறுகிவிட்டது. இது வெறும் மோஸ்தர் இல்லை. செங்குத்தான சரிவில் பாறைமேல் வேகமாக இறங்குகிறவனுக்கு அகன்ற கைப்பிடி நெம்புகோல்போலப் பலம் தருகிறது, குட்டை ஸ்டெம் உடல் எடையை முன்சக்கரத்திலிருந்து பின்னுக்கு இழுக்கிறது. ஆனால் இந்த மாற்றத்தோடு இன்னொன்றும் மாறியது. வண்டியின் சட்டமே நீளமாகியது. ஸ்டெம்மில் குறைத்ததைச் சட்டத்தில் கூட்டிக்கொண்டார்கள்.

எண்ணை மட்டும் படித்தவர் இந்த இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார். நம் ஊரில் மாற்று உறுப்பு தேடுகிற வண்டிகளில் பெரும்பாலானவை பழைய அளவுச் சட்டங்கள். நீண்ட ஸ்டெம்மை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அவற்றில் 35 மில்லிமீட்டர் ஸ்டெம்மைப் பூட்டினால் உட்காரும் இடம் நெருக்கிப்போகும். திரும்பும்போது முழங்கால் கைப்பிடியில் இடிக்கும். முன்சக்கரம் எடையிழந்து, மெல்லப் போகும்போது பாம்புபோல நெளியும். ஸ்டெம்மும் சட்டமும் ஒரு சோடி. ஒன்றை மட்டும் வேறு காலத்திலிருந்து கொண்டுவந்து ஒட்டவைக்க முடியாது.

அகலத்துக்கு வருவோம். 600 மில்லிமீட்டரிலிருந்து 780க்குப் போனால் ஒவ்வொரு பக்கமும் 9 சென்டிமீட்டர் கூடுகிறது. மலைக்காட்டில் அது கிளையில் இடிக்கும், அவ்வளவுதான். தூத்துக்குடியில் அந்த 9 சென்டிமீட்டர் லாரிக்கும் கைக்கும் இடையே இருந்த இடம். கன்டெய்னர் ஒன்றின் அகலம் 2.44 மீட்டர். அது நம்மைக் கடந்துபோகும்போது விட்டுவைக்கும் இடைவெளியைச் சாலையில் போகிறவன் சாண் கணக்கில்தான் அளக்கிறான். அதோடு காற்று. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேற்கே பார்த்துச் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும், விரித்த கைகளும் நிமிர்ந்த மார்பும் எப்படிப் பாயாக மாறி நம்மைப் பின்னுக்குத் தள்ளும் என்று. தோணிக்காரனுக்குப் பாய் வேண்டும். சைக்கிள்காரனுக்கு வேண்டாம்.

சுமை தொங்கவிடுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. கைப்பிடியின் முனையில் ஏறுகிற ஒவ்வொரு கிலோவும் நடுவில், ஸ்டெம் பிடித்திருக்கும் இடத்தில், வளைக்கும் விசையாகச் சேர்கிறது. முனை எவ்வளவு தூரமோ அவ்வளவு விசை. 780 மில்லிமீட்டர் குழாயின் கடைசியில் தண்ணீர்க் குடத்தைத் தொங்கவிடுவது, அதை ஒடிப்பதற்கான நல்ல வழிகளில் ஒன்று.

அப்படியானால் எது? தூத்துக்குடியின் சாலைக்கு, சராசரித் தோள் அகலம் கொண்டவருக்கு, 620 முதல் 680 மில்லிமீட்டர் போதும் என்பது என் கட்சி. தேரியிலேயே கிடந்து ஓட்டுகிறவர் 720 வரை போகலாம். மணலில் முன்சக்கரம் புதையும்போது அந்த நெம்புகோல் உதவும். ஐயம் இருந்தால் அகலமானதை வாங்கிச் சில நாள் ஓட்டிப் பார்த்து, உற்பத்தியாளர் குறித்திருக்கும் எல்லைவரை இருமுனையிலும் சமமாக அறுத்துக்கொள்ளலாம். அறுத்ததை ஒட்ட முடியாது. அகலத்தைக் கூட்டினால் கை விரிந்து உடல் முன்னே சாயும். ஆகவே 20 மில்லிமீட்டர் அகலம் கூட்டினால் ஸ்டெம்மில் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் குறைப்பது பட்டறைக்காரர்களின் வழக்கம். பழைய சட்டத்தில் 120 இருந்த இடத்தில் 80 அல்லது 90 வைக்கலாம். அதற்கும் கீழே இறங்க நல்ல காரணம் வேண்டும். உயரமும் அகலமும் மாறினால் பிரேக், கியர் கேபிள்களின் நீளம் போதுமா என்று கைப்பிடியை இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். இழுத்துக்கொண்டு நிற்கும் கேபிள் திருப்பத்தில் தானாகவே பிரேக் பிடிக்கும்.

நீள அகலத்தைவிட முக்கியமானது மணிக்கட்டின் கோணம். இதைப் பற்றி எண்பித்தர்கள் பேசுவதே இல்லை. நம் பழைய கறுப்புச் சைக்கிளின் கைப்பிடி பின்னோக்கி வளைந்து உள்ளங்கைகளை ஒன்றையொன்று பார்க்கவைத்தது. மணிக்கட்டு அதில் இயல்பாக இருந்தது. மலைச்சைக்கிளின் கைப்பிடி ஏறத்தாழ நேர்க்கோடு. மணிக்கணக்கில் அதில் எடையை ஊன்றினால் உள்ளங்கையின் வெளியோரத்தில் ஓடும் நரம்பு நசுங்கி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். மருத்துவத்தில் இதற்கு ‘சைக்கிள்காரர் வாதம்’ என்ற பொருளில் ஒரு பெயரே உண்டு. பின்வளைவு 8, 9 பாகைக்குக் குறையாத குழாயும், இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்வும், நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு 780 என்ற எண்ணைவிட அதிக நன்மை செய்யும்.

உடல்கள் ஒன்றுபோல இல்லை என்பதை நம் மாநிலம் சைக்கிள் வழியாகவே கற்றிருக்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது புதுக்கோட்டையில் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். பலர் ஆண்களின் உயரத்துக்குச் செய்த வண்டியிலேயே கற்றார்கள். பள்ளி மாணவர்களுக்கான அரசின் விலையில்லாச் சைக்கிள், பையனுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு ஒரு மாதிரி என்ற அளவில் வருகிறது. நாலரை அடிப் பிள்ளைக்கும் ஐந்தே முக்கால் அடிப் பிள்ளைக்கும் ஒரே கைப்பிடி. கைப்பிடியின் உயரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பதுகூட எத்தனை வீடுகளில் தெரியும்? ‘கொடுத்ததை ஓட்டு’ என்கிற மனநிலைக்கும், ‘எல்லோரும் வாங்குவதை வாங்கு’ என்கிற மனநிலைக்கும் நான் அதிக வேறுபாடு காணவில்லை.

நிற்க. இதுவரை சொன்னவை வசதியைப் பற்றியவை. இனிச் சொல்லப்போவது உயிரைப் பற்றியது.

ஹேண்டில்பாரின் நடுப்பகுதி, அதாவது ஸ்டெம் கவ்வும் இடம், மலைச்சைக்கிளில் மூன்று விட்டங்களில் வருகிறது: பழையது 25.4 மில்லிமீட்டர், இப்போது பரவலாக இருப்பது 31.8, அண்மையது 35. ஒன்றின் குழாய் மற்றொன்றின் ஸ்டெம்மில் சேராது. சேராததைச் சேர்ப்பதற்கு நம் சந்துக் கடைகளில் ஒரு வித்தை உண்டு. குளிர்பானத் தகர டப்பாவைக் கத்தரித்து இடையில் சுற்றி, போல்ட்டை ஏறுமட்டும் முடுக்கிவிடுவது. அந்தச் சிக்கனத்தின் மூளையை நான் மதிக்கிறேன். ஆனால் கைப்பிடியில் அந்த மூளையைக் காட்டக்கூடாது. அளந்து செய்த இடைவளையம் கடையில் கிடைக்கிறது. அது இல்லையென்றால் அந்த ஸ்டெம் வேண்டாம்.

ஸ்டெம் ஃபோர்க்கில் உட்காரும் முறையும் இரண்டு. பழையது, ஃபோர்க்கின் கழுத்துக்குள்ளே இறங்கி, அடியிலுள்ள ஆப்பு இறுகிப் பிடிப்பது. அதில் ‘இதற்கு மேல் உயர்த்தாதே’ என்று ஒரு கோடு பொறித்திருக்கும். உயரம் வேண்டும் என்று அந்தக் கோட்டைத் தாண்டி இழுத்துவைத்த வண்டிகளை எந்த ஊரிலும் பார்க்கலாம். புதியது, கழுத்தின் வெளிப்புறத்தைக் கவ்வுவது. அதில் உச்சியில் இருக்கும் மூடியின் போல்ட்தான் ஸ்டெம்மைப் பிடித்திருக்கிறது என்று பலரும், சில கடைக்காரர்களும்கூட, நினைக்கிறார்கள். அது பேரிங்கின் ஆட்டத்தை எடுப்பதற்கு மட்டும். அதைச் சரிசெய்த பிறகு பக்கவாட்டு போல்ட்டுகளை இறுக்க வேண்டும். பிடித்திருப்பவை அவைதான். பெரும்பாலான ஸ்டெம்களில் 5 நியூட்டன் மீட்டர் அளவு இறுக்கம் எழுதியிருக்கும். குட்டை எல்-கீயை விரல்களால் திருகுகிற பலம் அது. முழுக்கையின் பலத்தையும் குழாய் மாட்டி நீட்டிய சாவியின் பலத்தையும் அது கேட்கவில்லை.

இவை எந்த ஊருக்கும் பொருந்தும். தூத்துக்குடிக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது: உப்பு. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த பெயர் இந்த மாவட்டத்துடையது. காற்றில், தூசியில், கையின் வியர்வையில் எல்லாம் அது இருக்கிறது. 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், உலோகங்கள் கடலோரத்தில் எப்படி அரிக்கப்படுகின்றன என்று ஆராய்வதற்குத் தூத்துக்குடித் துறைமுகப் பகுதியில் ஒரு மையத்தையே வைத்திருக்கிறது. துருவை ஆராய விஞ்ஞானிகள் தேடி வந்த ஊரில் நாம் துருவை மறந்து கைப்பிடி வாங்குகிறோம்.

எஃகுக் குழாயை எடுத்துக்கொள்வோம். வெளியே குரோமியம் பளபளக்கும். குழாயின் இரு முனைகளும் திறந்திருந்தால், கிரிப்பின் அடியில் நுழைந்த ஈரமும் உப்பும் உள்ளிருந்து தின்னும். வெளியே தெரிவதற்குள் பாதிக் கனம் போயிருக்கும். எஃகுக்கு ஒரு நற்குணம் உண்டு. பெரும்பாலும் வளைந்து காட்டி எச்சரித்துவிட்டுத்தான் ஒடியும். அலுமினியம் துருப்பிடிக்காது என்பார்கள். அதன் மேலிருக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தை உப்பிலுள்ள குளோரைடு குத்திக் குத்திக் குழியாக்கும் என்பதைச் சொல்லமாட்டார்கள். அந்தக் குழியிலிருந்துதான் வெடிப்பு தொடங்கும். எஃகைப்போல ‘இந்த அளவுக்குக் கீழே எத்தனை முறை வளைத்தாலும் சோர்வில்லை’ என்ற எல்லை அலுமினியத்துக்கு இல்லை. சிறு அதிர்வுகளும் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். ஒருநாள் முன்னறிவிப்பின்றி முறியும். எடை குறைவு என்று விற்கப்படும் 7075, 2014 வகைக் கலவைகள் உப்புக் காற்றில் 6061ஐவிடப் பலவீனமானவை. கடலோரத்துக்காரர் கொஞ்சம் கனமான 6061ஐ வாங்குவதே மேல்.

கார்பன் துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு நடுவில் உப்பீரமும் இருந்தால் அது ஒரு சிறு மின்கலம். அந்தக் கலத்தில் தன்னைக் கரைத்துக்கொள்வது அலுமினிய ஸ்டெம். அலுமினியத்துக்குள் முடுக்கிய எஃகு போல்ட்டும் இதையே செய்கிறது. மூன்று வருடம் கழித்துக் கழற்றப் போனால் போல்ட்டின் தலை கையோடு வரும், உடல் உள்ளேயே இருக்கும். இதற்கு மருந்து விலை உயர்ந்ததன்று. பூட்டும்போது போல்ட் மரைகளில் கிரீஸ், குழாய் முனைகளில் அடைப்பான், ஆண்டுக்கு இருமுறை எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மறுபடி பூட்டுதல். ஸ்டெம் கவ்வும் இடத்தின் ஓரத்தில் மயிரிழைக் கோடு தெரிந்தால் அன்றே குழாயைத் தூக்கி எறிய வேண்டும். பலமாக விழுந்து எழுந்த அலுமினியக் குழாய்க்கும் அதே விதி.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. மாவட்டத்தின் பெரும்பகுதி மூழ்கியது. நாட்கணக்கில் சேற்றுநீரில் கிடந்த சைக்கிள்களைப் பலர் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு மீண்டும் ஓட்டினார்கள். கைப்பிடிக் குழாய்க்குள்ளும் ஃபோர்க்கின் கழுத்துக்குள்ளும் புகுந்த நீரை வடித்தவர்கள் எத்தனை பேர்? அந்த வண்டிகளில் பல இன்றும் ஓடிக்கொண்டிருக்கும். என் வழக்கின் அவசரம் இதுதான்.

இப்போது இலக்கிய நண்பர்களிடம் திரும்புகிறேன். ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ 2004இல் வந்தபோது கட்டுமரத்தின் ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் வியந்து படித்தோம். ‘கொற்கை’ 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றபோது இந்தக் கடற்கரையின் சொற்கள் தமிழுக்குச் செல்வம் என்று மகிழ்ந்தோம். அந்தச் சொற்களைக் காத்தவர்கள் புலவர்கள் அல்லர், அவற்றைச் சொல்லாவிட்டால் வேலை நடக்காது என்ற நிலையிலிருந்த உழைப்பாளிகள். அதே ஊரின் சைக்கிள் பட்டறையில் இன்றும் வேலை நடக்கிறது, சொற்களும் பிறக்கின்றன. அங்கே போய்க் காதைத் தீட்ட நமக்கு மனமில்லை. அரை நூற்றாண்டு கழித்து யாராவது நாவலில் எழுதினால் வியப்போம்.

அந்தப் பட்டறைச் சொற்கள் ஆங்கிலம் என்று முகம் சுளிக்கும் தனித்தமிழ் அன்பர்களும் உண்டு. ‘கைப்பிடித் தண்டம்’, ‘இணைகாம்பு’ என்று அவர்கள் செய்துதரும் சொற்களை எந்தக் கடையில் போய்ச் சொல்வது? 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ.உ.சி. வாங்கிய கப்பல்கள் ஐரோப்பாவிலிருந்து வந்தவைதாம். கப்பல் பிறந்த ஊரை அவர் பார்க்கவில்லை, சுக்கான் யார் கையில் என்று பார்த்தார். ஹேண்டில்பார் என்ற சொல் எங்கிருந்தும் வரட்டும். அதன் விட்டத்தையும் வளைவையும் துருவையும் தமிழில் பேசத் தெரிந்தால் சுக்கான் நம் கையில் இருக்கிறது என்று பொருள்.

இந்தக் கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961இல் கடைசியாக நடந்தது. குளிப்பவர் காலைக் கல்லில் மாட்டிக்கொண்டு இறங்குவார். அவரை மேலே இழுக்கும் கயிறு தோணியில் ஒருவர் கையில் இருக்கும். மைத்துனரே அதைப் பிடிப்பது வழக்கம் என்பார்கள், தங்கையின் தாலியை நினைத்து அவர் கயிற்றை விடமாட்டார் என்பதால். அந்தக் கயிறு எதில் திரித்தது, எத்தனை புரி, எப்போது மாற்றினார்கள் என்று ஒருவர் எழுதினால் அது இலக்கியத்துக்குப் புறம்பானது என்று நம்மில் யாரும் சொல்லமாட்டோம். உப்பளத்துக்குப் போகிறவரின் உயிர் தொங்குவது 31.8 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாயில். அதை எழுதினால் மட்டும் ஏன் கேலி?

மறுப்பு உள்ளவர்கள் எழுதட்டும். அதற்கு முன், வீட்டு வாசலில் நிற்கிற சைக்கிளின் முன்சக்கரத்தை இரு முழங்கால்களுக்கும் இடையே இறுக்கிக்கொண்டு கைப்பிடியை ஒருமுறை திருகிப் பாருங்கள். சக்கரம் நிற்க, கைப்பிடி மட்டும் திரும்பினால் விவாதத்தைத் தள்ளிவைத்துவிட்டு வண்டியை முதலில் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். ஏறி ஓட்டாதீர்கள்.